பிரிண்டர் பேசும் மொழி

முதல் வரி இடது ஓரத்தில் ஒழுங்காகத் தொடங்கும். இரண்டாம் வரி, முதல் வரி எங்கே முடிந்ததோ அதற்கு நேர்கீழே தொடங்கும். மூன்றாவது இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போகும். அதற்கு மேல் தாளில் இடமிருக்காது. 1990களில் லினக்ஸ் கணினியில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாட்டி முதன்முதலாக பிரிண்ட் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் படிக்கட்டைப் பார்த்திருப்பார்கள். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் வரி முடிந்ததற்கு அடையாளம் ஒரே ஒரு குறிதான்: அடுத்த வரிக்கு இறங்கு. டாஸுக்குப் பழகிய பிரிண்டருக்கோ இரண்டு குறிகள் வேண்டும்: தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுபோ, பிறகு இறங்கு. முதல் கட்டளை வராததால், தலை நின்ற இடத்திலிருந்தே இறங்கி அடித்தது. பிரிண்டரிலும் பழுது இல்லை, கணினியிலும் பழுது இல்லை. இரண்டும் பேசிய மொழிதான் வேறு.

லினக்ஸில் பிரிண்டர் பட்ட பாடு முழுவதையும் இந்த ஒரு கண்ணாடி வழியாகத்தான் நான் பார்க்கிறேன். எழுத்தையும் படத்தையும் தாளில் விழும் புள்ளிகளாக மாற்றுவது யார், கணினியா பிரிண்டரா? இருவரும் பேசிக்கொள்ளும் மொழி எல்லோருக்கும் தெரிந்த மொழியா, ஒரு கம்பெனிக்குள் பூட்டிவைத்த மொழியா? முப்பது ஆண்டுகளாக லினக்ஸ்காரர்களைத் தூங்கவிடாத கோளாறுகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளின் பதிலைப் பொறுத்தே மாறிவந்தன.

அன்று பிரிண்டருக்கான ஏற்பாடு முழுவதும் பிரிண்ட்கேப் என்ற ஒரே கோப்பில் இருந்தது. பெர்க்லி யூனிக்ஸிலிருந்து வந்த எல்பிடி என்ற நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். எல்பிஆர் என்று கட்டளை கொடுத்தால் கோப்பை வாங்கி, வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாக அனுப்பும். பிரிண்டர் எந்த போர்ட்டில் இருக்கிறது, வரிசை எந்த அடைவில் நிற்கவேண்டும், இடையில் எந்த வடிகட்டி வழியாகக் கோப்பு போகவேண்டும் என்பதையெல்லாம் ஈரெழுத்துக் குறிகளாக பிரிண்ட்கேப்பில் எழுதவேண்டும். குறிகளுக்கிடையே முக்காற்புள்ளி, வரிக் கடைசியில் பின்சாய்வுக்கோடு. அந்தச் சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி விழுந்துவிட்டால், பதிவு அந்த வரியோடு அறுந்துவிடும். எது தவறு என்று கணினி சொல்லாது. எம்எக்ஸ் என்ற குறிக்குப் பூஜ்யம் கொடுக்க மறந்தால், கோப்பின் அளவுக்கு உச்சவரம்பு ஒன்று தானாகவே இருக்கும். கடிதம் நன்றாக வரும், படம் வைத்த அறிக்கை மட்டும் முழுதாக வராது. அது ஏன் என்று கண்டுபிடிக்க அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

போர்ட்டிலும் குழப்பம் இருந்தது. லினக்ஸின் கருநிரலான கெர்னலின் 2.0 பதிப்பு வரை, பெரும்பாலான கணினிகளின் பேரலல் போர்ட்டுக்கு எல்பி1 என்று பெயர். 1999இல் 2.2 கெர்னல் வந்ததும் அதே போர்ட் எல்பி0 ஆகிவிட்டது. கணினியை மேம்படுத்தியவர்களின் பிரிண்டர் அன்று மாலையே ஊமையாயிற்று. தாள் தீரவில்லை, இணைப்பும் அறவில்லை, ஆனாலும் பிரிண்டர் பிழை என்கிறது என்ற நிலையில் கெர்னல் திரையில் காட்டிய வாசகம் 'எல்பி0 ஆன் ஃபயர்'. பிரிண்டர் தீப்பற்றி எரிகிறது என்று அர்த்தம். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் நிஜமாகவே எழுந்துபோய் பிரிண்டரைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

இத்தனை தொல்லையிலும் ஒரு நன்மை இருந்தது, அதை மறக்கக்கூடாது. கோளாறு எங்கே இருந்தாலும் அது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. கோப்பு, போர்ட், வடிகட்டி, கேபிள் இவ்வளவுதான். வடிகட்டி பெரும்பாலும் பத்து வரி ஷெல் நிரல். அதைத் திறந்து படிக்கலாம், ஒரு வரி மாற்றி மறுபடி அனுப்பிப் பார்க்கலாம். கிராண்ட் டெய்லர் எழுதிப் பராமரித்த 'பிரிண்டிங் ஹவ்டு' என்ற கையேட்டைத் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு வேலை பழகியவர்கள் உண்டு. அந்தக் கையேட்டைத் தாளில் எடுக்கவே முதலில் பிரிண்டர் ஓடவேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்து லினக்ஸ் நிரல்கள் எல்லாம் பேசியது போஸ்ட்ஸ்கிரிப்ட். அடோபி 1980களின் முற்பாதியில் உருவாக்கிய பக்க மொழி அது. 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் அதைப் பரவலாக்கியது. வட்டம் வரை, இந்த எழுத்துருவில் இந்தச் சொல்லை எழுது என்று கணினி சொன்னால் போதும், புள்ளிகளாக மாற்றும் வேலையை பிரிண்டரே பார்த்துக்கொள்ளும். மொழியின் இலக்கணமும் புத்தகமாகவே வெளிவந்திருந்தது. லினக்ஸுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்த பிரிண்டரின் விலை சாதாரண ஆள் வாங்கும் விலையில் இல்லை. மொழி தெரியாத பிரிண்டருக்கு அந்தக் கோப்பு போய்விட்டால் விளைவு பயங்கரம். ஒரு பக்கக் கடிதத்துக்குப் பதில், விழுக்காட்டுக் குறியும் வியப்புக்குறியும் பிஎஸ் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கி, பக்கம் பக்கமாக நிரல் வரிகள் கொட்டும். சுவிட்சை அணைத்துப் போட்டாலும் வரிசையில் மிச்சம் நிற்பதால் மறுபடி தொடரும். ஒரு கட்டுத் தாளை இப்படி இழந்த அலுவலகங்களில் லினக்ஸ் என்ற பேச்சை மீண்டும் எடுப்பதே சிரமம்.

இதற்கு மருந்தாக வந்தது கோஸ்ட்ஸ்கிரிப்ட். எல். பீட்டர் டாய்ச் 1988இல் வெளியிட்டது. போஸ்ட்ஸ்கிரிப்டைக் கணினியிலேயே படித்துப் புள்ளியாக்கி, மலிவான பிரிண்டர் அறிந்த மொழியில் தரும். மேஜிக்ஃபில்டர், ஏபிஎஸ்ஃபில்டர் போன்ற வடிகட்டிகள் வரும் கோப்பின் முதல் சில எழுத்துகளைப் பார்த்து அது எந்த வகை என்று ஊகித்து, தேவையானபோது கோஸ்ட்ஸ்கிரிப்டுக்குத் தள்ளின. எந்த பிரிண்டருக்கு எந்த டிரைவர் பொருந்தும் என்ற பட்டியலை டெய்லர் தொடங்கினார். டில் காம்ப்பீட்டர் பிறகு அதை வளர்த்தெடுத்தார். அந்தப் பட்டியலில் பிரிண்டர்களுக்கு நான்கு தரங்கள்: முழுமையாக ஓடும், பெரும்பாலும் ஓடும், ஓரளவு ஓடும், பேப்பர்வெயிட். நாலாவது தரத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கடைக்குப் போகுமுன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போவதுதான் லினக்ஸ் வைத்திருந்தவர்களின் வழக்கம்.

தமிழில் எழுதியவர்களுக்கு இதற்கும் மேல் ஒரு சிக்கல். திரையில் ஒழுங்காகத் தெரிந்த தமிழ், தாளில் வேறு முகத்தோடு வந்தது. யூனிகோடில் எகரக் குறி மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்துகளைக் கோக்கும் நிரலின் வேலை. பழைய உலாவிகள் திரைக்கு ஒரு வழியிலும் தாளுக்கு இன்னொரு வழியிலும் பக்கத்தை அனுப்பின. தாளுக்குப் போகும் வழியில் அந்தக் கோக்கும் வேலை நடக்கவில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், அல்லது கட்டங்கள் மட்டும் வரும். 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 திரைக்கும் தாளுக்கும் கெய்ரோ என்ற ஒரே வரைகலை நூலகத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு இது தணிந்தது. இன்று நிரலே தமிழ் எழுத்துகளைக் கோத்து, எழுத்துருவையும் சேர்த்து பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடுகிறது. பிரிண்டருக்குத் தமிழ் தெரியவேண்டிய தேவையே இல்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸைக் கொண்டுபோன 2000களின் பிற்பாதியில் இந்த மாற்றம் பாதியில்தான் நின்றுகொண்டிருந்தது. ஒரு சுற்றறிக்கையைத் தாளில் ஒழுங்காக எடுக்க முடியாத கணினியை ஒரு அலுவலகம் எவ்வளவு நாள் பொறுத்துக்கொள்ளும்? லினக்ஸ் நம் ஊரில் வேரூன்றாமல் போனதற்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். பிரிண்டரை அந்தப் பட்டியலில் மிக மேலே வைப்பேன்.

பிரிண்ட்கேப் யுகத்தை முடித்துவைத்தவர் மைக்கேல் ஸ்வீட். 1997இல் அவர் எழுதத் தொடங்கிய கப்ஸ் 1999இல் வெளியாயிற்று. அதே ஆண்டில்தான் இணையம் வழி பிரிண்ட் எடுப்பதற்கான ஐபிபி என்ற பொது நெறிமுறையின் முதல் வடிவமும் வெளிவந்தது. கப்ஸ் அதன்மேல் கட்டப்பட்டது. பிரிண்டரைச் சேர்க்க உலாவியில் 631ஆம் போர்ட்டைத் திறந்தால் போதும், ஈரெழுத்துக் குறிகள் ஒழிந்தன. பிரிண்டருக்கு எத்தனை தட்டு, இருபக்கமும் அடிக்குமா, என்னென்ன தாள் அளவு என்பதைச் சொல்லும் பிபிடி என்ற கோப்பு ஒவ்வொரு மாடலுக்கும் வந்தது. 2002இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்குக் கப்ஸையே எடுத்துக்கொண்டது. 2007இல் ஸ்வீட்டையும் வேலைக்கு எடுத்து, நிரலின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. ஆனாலும் எளிமை உடனே வந்துவிடவில்லை. திறமூல உலகின் பெரிய பெயர்களில் ஒருவரான எரிக் ரேமண்ட், வீட்டிலேயே இன்னொரு கணினியில் மாட்டியிருந்த பிரிண்டருக்கு கப்ஸ் வழியாகத் தாள் அனுப்ப முடியாமல் பட்ட அவதியை 2004இல் கடுமையான ஒரு கட்டுரையாக எழுதினார். யூனிக்ஸ் தெரிந்த அவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அதில் அவர் எழுப்பிய கேள்வி. நியாயமான கேள்வி.

கப்ஸ் சாலையைப் போட்டுத் தந்தது. சாலையின் அந்த முனையில் நின்ற பிரிண்டர்களோ அதற்குள் மாறிவிட்டிருந்தன. இதுதான் இந்தக் கதையின் மிக மோசமான பகுதி, தமிழ்நாட்டில் நாம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறோம்.

கணினிகளின் வேகம் கூடியதும் பிரிண்டர் கம்பெனிகள் ஒரு கணக்குப் போட்டன. பக்கத்தைப் புள்ளியாக்கும் சிப்பையும் நினைவகத்தையும் பிரிண்டருக்குள் ஏன் வைக்கவேண்டும்? அந்த வேலையைக் கணினியே செய்யட்டும், பிரிண்டர் வெறும் டோனரும் உருளையுமாக இருந்தால் விலை பாதியாகும். அப்படி வந்தவைதான் 2000களின் நடுவில் நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளையும் வக்கீல் அலுவலகங்களையும் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களையும் நிறைத்த சிறு லேசர் பிரிண்டர்கள். கேனான் எல்பிபி2900, ஹெச்பி லேசர்ஜெட் 1020. பத்திரம் எழுதுகிறவர் மேசையிலும் இதுதான், ஹால்டிக்கெட் எடுக்கப் போகும் கடையிலும் இதுதான். உழைப்பதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. 12ஏ கார்ட்ரிட்ஜை எந்த ஊரிலும் ரீஃபில் செய்து தருவார்கள். விண்டோஸில் மாட்டினால் கையோடு ஓடும். லினக்ஸில் மாட்டினால் விளக்கு மட்டும் எரியும்.

காரணம் மீண்டும் மொழி. எல்பிபி2900 பேசுவது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழி. அதன் இலக்கணம் வெளியிடப்படவில்லை. லினக்ஸுக்கென்று கம்பெனி தந்த டிரைவர் கப்ஸோடு மட்டும் நிற்காமல், சிசிபிடி என்ற தனிப் பின்னணி நிரல் ஒன்றையும் ஓட்டச் சொன்னது. பிரிண்டரைக் கப்ஸில் ஒருமுறையும் சிசிபிடியில் ஒருமுறையும் பதிவுசெய்யவேண்டும். கணினி தொடங்கும்போது இரண்டும் சரியான வரிசையில் எழவேண்டும். இன்னொரு யுஎஸ்பி பிரிண்டரை மாட்டினால் எண் மாறிப்போய் எல்லாம் நின்றுவிடும். 64 பிட் கணினியிலும் 32 பிட் நூலகங்களைத் தேடிப்பிடித்து நிறுவவேண்டும். இத்தனையும் செய்து ஒருநாள் ஓடவைத்துவிட்டு, அடுத்த மேம்படுத்தலில் இழந்தவர்கள் ஏராளம்.

லேசர்ஜெட் 1020இன் கதை வேறு. அதற்குள் தன்னை இயக்கும் நிரலே நிரந்தரமாக இல்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அந்த நிரலை அனுப்பி உயிர் கொடுக்கவேண்டும். மின்வெட்டு வந்து போனால் பிரிண்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். மின்சாரம் நாளுக்குப் பல முறை போய்வந்த காலத்தில் இதன் பொருள் என்னவென்று ஊர்க்கடைக்காரருக்குத் தெரியும். ரிக் ரிச்சர்ட்சன் என்பவர் ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற டிரைவரை எழுதி, பிரிண்டர் எழும்போதெல்லாம் அந்த நிரல் தானாகப் போகும்படி செய்தார். ஹெச்பி தானே வெளியிட்ட ஹெச்பிலிப் தொகுப்பிலும் இந்த மாடலுக்கு இடம் உண்டு. ஆனால் அதற்கு மூடிய பிளகின் ஒன்றைத் தனியாக இறக்கவேண்டும், அதன் பதிப்பு ஹெச்பிலிப் பதிப்போடு எண் பிசகாமல் பொருந்தவேண்டும். கணினியை மேம்படுத்திய மறுநாள் பிரிண்ட் வராவிட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹெச்பி-பிளகின் என்ற கட்டளையை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும். இதைத் தெரிந்து வைத்திருக்கும் ஒருவர் ஊரில் இருந்தால் அந்த ஊரில் லினக்ஸ் பிழைக்கும்.

கேனானின் மொழியையும் சிலர் விட்டுவைக்கவில்லை. யுஎஸ்பி கம்பியில் ஓடும் பைட்டுகளைக் கவனித்துக் கவனித்து, எது தலைப்பு, எது புள்ளி, எது 'தாளை இழு' என்ற கட்டளை என்று பிரித்தறிந்து, எல்பிபி2900க்கு கேப்ட்டிரைவர் என்ற திறமூல டிரைவர் எழுதப்பட்டது. ஒரு கம்பெனி சில பக்க ஆவணத்தை வெளியிட்டிருந்தால் தேவைப்பட்டிருக்காத உழைப்பு. இதைச் செய்தவர்கள் யாருக்கும் கம்பளம் விரிக்கப்படவில்லை. நான் அவர்களை மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

பிரிண்டரின் பூட்டிய மொழிக்கு எதிரான கோபம் லினக்ஸைவிட வயதில் மூத்தது. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. வேகமானது, ஆனால் தாள் அடிக்கடி சிக்கும். முந்தைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றியிருந்தார். புதியதற்கும் அதையே செய்ய நினைத்தபோது மூலநிரல் இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதை அறிந்து நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார். 1983இல் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்துக்கு ஊன்றிய விதைகளில் அந்த மறுப்பும் ஒன்று என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். லினக்ஸ் கணினியின் பெரும்பகுதிக் கருவிகள் அந்தத் திட்டத்திலிருந்து வந்தவை. பிரிண்டர் தராத மூலநிரலிலிருந்து தொடங்கிய இயக்கம், முப்பது ஆண்டுகள் கழித்தும் பிரிண்டரிடமே முட்டிக்கொண்டு நின்றது.

திருப்பம் வந்தது போனிலிருந்து. 2010 நவம்பரில் ஆப்பிள் தன் ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் வசதியைத் தந்தது. போனில் மாடலுக்கொரு டிரைவர் நிறுவ வழியில்லை. எனவே பிரிண்டர் தான் யார், என்ன தாள் இருக்கிறது, எந்த வடிவக் கோப்பை வாங்கும் என்பதைத் தானே நெட்வொர்க்கில் சொல்லவேண்டும், பொது வடிவத்தில் வருகிற பக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவேண்டும். அதன் அடித்தளம் ஐபிபி, அதாவது கப்ஸின் தாய்மொழி. 2013இல் ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரமும், கேனான், ஹெச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து தொடங்கிய மோப்ரியா கூட்டணியும் வந்தன. போனில் ஓடாத பிரிண்டரை யாரும் வாங்கமாட்டார்கள் என்ற நிலை வந்ததும், லினக்ஸ்காரர்கள் கெஞ்சிக் கேட்டுக் கிடைக்காதது தானாக நடந்தது. பிரிண்டர்கள் பொது மொழி பேசத் தொடங்கின. 2017 ஏப்ரலில் வந்த உபுண்டு 17.04 டிரைவர் இல்லாமலே பிரிண்ட் எடுப்பதை முக்கிய வசதியாக அறிவித்தது. யுஎஸ்பி கேபிளில் மாட்டினாலும் அதே மொழியில் பேச அலெக்சாண்டர் பெவ்ஸ்னர் எழுதிய ஐபிபி-யுஎஸ்பி வழிசெய்தது.

எனவே இன்று, கடந்த பத்தாண்டுகளுக்குள் வாங்கிய பிரிண்டர் என்றால், லினக்ஸில் செய்யவேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. வைஃபையில் சேர்த்தால் பிரிண்ட் பெட்டியில் பெயர் தானாக வந்து நிற்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்ற வேலை இது.

வராதபோதுதான் வித்தியாசம் தெரிகிறது. அன்றைய கோளாறு கேபிளிலும் கோப்பிலும் இருந்தது, இன்றைய கோளாறு காற்றில் இருக்கிறது. பிரிண்டர் நெட்வொர்க்கில் 'நான் இங்கே' என்று அறிவிக்கும் எம்டிஎன்எஸ் செய்தி 5353ஆம் போர்ட்டில் வருகிறது. கணினியின் ஃபயர்வால் அதைத் தடுத்தால் பெயரே தெரியாது. வீட்டு ரவுட்டரில் விருந்தினருக்கென்று தனியாக விட்ட வைஃபையில் கணினி இருந்தாலும் தெரியாது. விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் சில வேளைகளில் காணாமல் போகும். ரவுட்டர் அணைந்து எழுந்தபின் பிரிண்டரின் ஐபி முகவரி மாறிப்போய், பழைய முகவரியில் கைப்பட வைத்த வரிசை அப்படியே காத்துக்கொண்டிருக்கும். ஒரே பிரிண்டருக்குப் பட்டியலில் இரண்டு பெயர்கள், ஒன்றில் வரும், இன்னொன்றில் வராது என்பதும் அன்றாடம்.

இப்படி ஒருவர் வந்து நின்றால், கணினியைத் தொடுவதற்கு முன் பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்தச் சோதனைப் பக்கத்தை எடுக்கச் சொல்வேன். அது வராவிட்டால் லினக்ஸைக் குறைசொல்லி என்ன பயன்? வந்தால், பிரிண்டரின் ஐபி முகவரியை உலாவியில் தட்டவேண்டும். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது. அடுத்து எல்பிஸ்டாட். வரிசை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்று அது சொல்லும். ஒருமுறை தாள் சிக்கியதற்கே கப்ஸ் சில அமைப்புகளில் வரிசையை நிறுத்திவிடும், தாளை எடுத்தபின்னும் தானாகத் தொடராது. கப்ஸ்எனேபிள் என்று ஒரு வரி கொடுத்தால் தேங்கியதெல்லாம் ஓடிவரும். அதற்குள் பயனாளர் அதே கோப்பைப் பலமுறை அனுப்பியிருப்பார் என்பதால் முதலில் வரிசையைக் காலிசெய்வது நல்லது. பிறகு தாள் அளவு. கணினி லெட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கும், தட்டில் இருப்பது ஏ4. பிரிண்டர் ஆரஞ்சு விளக்கை மினுக்கிக்கொண்டு, இல்லாத தாளுக்காகக் காத்திருக்கும். பிரிண்ட்கேப் காலத்திலிருந்து இன்றுவரை மாறாத கோளாறு இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இத்தனைக்கும் பிறகும் 'ஃபில்டர் ஃபெயில்டு' என்று மட்டும் வந்தால், கப்ஸின் பிழைப்பதிவில் விரிவான பதிவை இயக்கி, ஒருமுறை அனுப்பிப் படிக்கவேண்டும். அதில் வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும். பத்து வரி ஷெல் வடிகட்டியைக் கையால் திருத்திய காலத்தின் தெளிவு அதில் கிடைக்காது. இந்த இழப்பைச் சிறிது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அன்றைய தெளிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எந்தக் கட்டளையையும் ஓட்டும் வடிகட்டி என்ற பழைய யோசனை, ஃபூமேட்டிக் என்ற பெயரில் கப்ஸுக்குள்ளும் வாழ்ந்துகொண்டிருந்தது. நெட்வொர்க்கில் பிரிண்டர் தேடும் கப்ஸ்-பிரௌஸ்டு என்ற நிரல் 631ஆம் போர்ட்டில் யார் சொன்னாலும் நம்பியது. 2024 செப்டம்பரில் சிமோனே மார்கரிதெல்லி இந்த இரண்டையும் இணைத்துக் காட்டினார். வெளியிலிருந்து ஒருவர் பொய் பிரிண்டர் ஒன்றை அறிவித்து, பயனாளர் அதற்கு ஒரு பக்கம் அனுப்பினால், தான் விரும்பிய கட்டளையை அந்தக் கணினியில் ஓட்டிவிடலாம். அந்தப் போர்ட்டைக் கேட்கும் பழக்கம் உடனே நிறுத்தப்பட்டது. கணினிகள் ஒன்றையொன்று நம்பிய ஆய்வுக்கூடத்தில் பிறந்த வழக்கம், ஊர்பேர் தெரியாதவர்கள் நிறைந்த இணையத்துக்கு அப்படியே வந்துவிட்டிருந்தது.

ஸ்வீட் 2019 கடைசியில் ஆப்பிளைவிட்டு விலகினார். கப்ஸின் வளர்ச்சி காம்ப்பீட்டர் வழிநடத்தும் ஓப்பன்பிரிண்டிங் திட்டத்துக்கு வந்தது, ஸ்வீட்டும் அங்கே சேர்ந்துகொண்டார். கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் வழியாக இந்தியக் கல்லூரி மாணவர்கள் பலர் அதற்கு நிரல் எழுதியிருக்கிறார்கள். ஓப்பன்பிரிண்டிங் தயாராக்கிவரும் கப்ஸ் 3இல் பிபிடிக்கும் பழைய பாணி டிரைவருக்கும் இடமில்லை. ஐபிபி பேசும் பிரிண்டர் மட்டுமே அதற்குத் தெரியும். விண்டோஸும் அதே திசையில் போகிறது. பிரிண்டர் கம்பெனிகளின் டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக முடிக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. போகும் திசை சரியானதுதான். ஆனால் நம் கடைகளில் உழைத்துக்கொண்டிருக்கும் எல்பிபி2900களும் 1020களும் என்னாவது என்று கேட்காமல் இருக்க முடியாது. ரீஃபில் செய்து, உருளை மாற்றி, இன்னும் பல ஆண்டுகள் ஓடக்கூடிய பொருளை, மொழி தெரியவில்லை என்பதற்காகக் காயலான் கடைக்குப் போடுவது அநியாயம்.

ஓப்பன்பிரிண்டிங் இதற்குச் சொல்லும் வழி பிரிண்டர் அப்ளிகேஷன். பழைய டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே ஐபிபி பேசும் ஒரு சிறு நிரல். ஒரு பக்கம் பிரிண்டரின் சொந்த மொழி, மறுபக்கம் பொது மொழி, நடுவில் நிற்கும் துபாஷி. ஹெச்பிலிப்புக்கும் குட்டன்பிரிண்ட் என்ற டிரைவர் தொகுப்புக்கும் இப்படி ஏற்கெனவே வந்துவிட்டன. கேப்ட்டுக்கும் நல்ல துபாஷி ஒன்றைச் செய்து முடிக்கவேண்டும். எல்பிபி2900 நிறைந்த நாட்டிலிருந்து அதற்கான கைகள் வருவதுதான் பொருத்தம்.

அதுவரை காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு ராஸ்பெரி பை அல்லது ஓரமாகக் கிடக்கும் பழைய லேப்டாப்பை எல்பிபி2900க்குப் பக்கத்தில் வைத்து, கப்ஸும் கேப்ட்டிரைவரும் நிறுவி, பிரிண்டரைப் பகிர்வுக்குத் திறந்துவிட்டால் போதும். கம்பெனி தந்த டிரைவர் பையின் ஏஆர்எம் சிப்பில் ஓடாது, மூலநிரல் கையில் இருப்பதால் கேப்ட்டிரைவர் ஓடும். அவாஹி என்ற நிரல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஏர்பிரிண்ட் என்ற பெயரே பிறப்பதற்கு முன் செய்யப்பட்ட அந்த பிரிண்டர், கடைக்கு வருகிறவரின் போனில் வைஃபை பிரிண்டராகவே தெரியும். டிரைவர் கேட்காமல் ஹால்டிக்கெட்டை அடித்துத் தரும்.